வெளியாள் தோள்

எங்கள் ஊர் மாரியம்மன் சப்பரத்தைத் தூக்க எங்கள் ஆட்களில் ஆள் இல்லை. சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் உண்மை அதுதான். என் மகன் ஆனந்தகுமார் கனடாவில். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும். சில வருடங்களாக, ஒடிசாவிலிருந்து வந்து அரிசி மில்லில் வேலை செய்யும் ஒடியாப் பையன்கள்தான் தோள் கொடுத்தார்கள். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

போன பஞ்சாயத்துத் தேர்தலில் இவர் தோற்றார். அப்பன், பாட்டன் காலத்திலிருந்து ஊரை ஆண்ட வீடு. புதிதாகக் குடிவந்தவர்கள் ஓட்டுதான் கவிழ்த்தது என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்பதே பேச்சு. சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. நாளைக்கு நம் ஊரிலேயே நாம் வாடகைக்கு இருப்போம் என்பார். கட்சிக்காரர்கள் அதையே மைக்கில் சொல்லச் சொன்னார்கள். சொன்னார், ஒரே கைதட்டல். கேட்டுக் கேட்டு நானும் பயந்து, வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன். யாருக்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இந்த வருடம் வெளியாள் தோள் சப்பரத்தில் படக்கூடாது என்று கோயில் கமிட்டியில் முடிவு செய்தார். மளிகைக்கடை நவ்ஷாத் வருடா வருடம் கொடுக்கும் நீர்மோரும் வேண்டாமாம். ஆள் குறைந்ததும், தானே தூக்குவதாக நின்றார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுசன்! குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுது பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன்.

"எம்பட தோளு இல்லீனா எவனோ தோளு வந்து நிக்கும், கமலா" என்றார்.

சப்பரம் கிளம்பியது. தூக்கியவர்கள் எல்லாம் அறுபது தாண்டியவர்கள். நான் இவர் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நவ்ஷாத் கடை முன்னால் சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது. இவர் முகம் வெளுத்து, உதடு கறுத்துவிட்டது.

ஒடியாப் பையன்கள் ஓரத்தில்தான் நின்றார்கள். ஒருவனும் அசையவில்லை. கடையிலிருந்து ஓடி வந்த நவ்ஷாத் பாதியில் நின்றுவிட்டார். சுற்றிலும் செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. தொட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தப் பயத்தை ஊருக்குள் விட்டவர் சப்பரத்து மூங்கிலுக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் யோசிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இவருக்கு முன்னால் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன். என்னைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். சாய்ந்த பக்கம் மெல்ல நிமிர்ந்தது.

"பொம்பளைங்க தொடக்கூடாது. கைய எடு" என்றார் இவர்.

"சப்பரம் உழுந்துருமுங்க."

"உழுந்தா உழுகட்டும். எடு கைய."

அம்மனைச் சொல்கிறார். தினமும் அவள் பேர் சொல்லாமல் பல்லில் தண்ணீர் படாத மனுசன். நான் கையை எடுக்கவில்லை.

அவர்தான் தோளை உருவிக்கொண்டு விலகினார். சப்பரம் நகர்ந்தது. பின்னால் அவர் நிற்கிறாரா, விழுந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். நிற்பார், நின்று என்னைத்தான் பார்ப்பார் என்று நினைத்தபோது, விழுந்திருப்பாரோ என்பதைவிடப் பயமாக இருந்தது.