அந்த மின்சட்டி யாருடையது

சஞ்சீவனும் றுவைசும் திருகோணமலைத் துறைமுகத்தில் பதினொரு வருடமாக ஒரே டக் படகில் வேலை செய்பவர்கள். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் துறையில் சேர்க்கிற படகு அது. இயந்திர அறை அவர்கள் இருவருடைய பொறுப்பு. சஞ்சீவனுக்கு ஊர் சாம்பல்தீவு. றுவைஸ் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவான். ஒருவன் கையை நீட்டினால் என்ன ஸ்பனர் சாவி வேண்டுமென்று மற்றவனுக்குத் தெரியும். அவ்வளவு பழக்கம்.

போன பெப்ரவரியில் நிறுவனம் இருவரையும் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. கோபே நகரம். புதிதாக வரப்போகும் படகின் இயந்திரத்தைப் பற்றிய பயிற்சி. அதில் நன்றாகச் செய்யும் ஒருவருக்கு ஓகஸ்ட் மாதம் மறுபடி போய் ஆறு மாதம் தங்கிப் படிக்கிற வாய்ப்பு உண்டென்று மேற்பார்வைப் பொறியியலாளர் கந்தப்போடி முதலே சொல்லியிருந்தார். அது றுவைசுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லக்கூடியவன் அவன். சஞ்சீவனும் அதை ஒத்துக்கொள்வான். கொஞ்சம் தாமதித்து ஒத்துக்கொள்வான்.

கோபேயில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வேலை விஷயமாக வந்து போகிறவர்கள் தங்கும் மலிவான ஹோட்டல் ஒன்றில் ஏழாம் மாடியில் அறை கொடுத்தார்கள். இரண்டு கட்டில்களுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நடக்கலாம். ஒருவன் சூட்கேசைத் திறந்தால் மற்றவன் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொள்ள வேண்டும். குளியலறை முழுவதும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக இருந்தது. ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காது.

"எங்கட படகில இதவிட இடம் இருக்கு மச்சான்" என்று றுவைஸ் சிரித்தான்.

ஆனால் எல்லாம் அவ்வளவு சுத்தம். பின்னேரம் பயிற்சி முடிந்து வந்தால் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. தலையணைமேல் புதிய இரவு அங்கி மடித்து வைக்கப்பட்டிருக்கும். காலையில் பயிற்சிக்குப் புறப்படும்போது கீழே வரவேற்பு மேசையில் நிற்கும் பெண் எழுந்து குனிந்து வணக்கம் சொல்வாள். முப்பது வயது இருக்கும். சட்டையில் குத்தியிருந்த பெயர் ஒகாதா.

இரண்டாம் மாடியில் இலவசக் காலைச் சாப்பாடு இருந்தது. எந்தக் கறியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாததால் றுவைஸ் வெறுஞ்சோறும் வாழைப்பழமும் மட்டும் எடுத்தான். இதை எதிர்பார்த்துத்தான் அவனுடைய மனைவி றிஷானா ஒரு சின்ன மின்சட்டியைச் சூட்கேசில் வைத்து அனுப்பியிருந்தாள். வந்த முதல் நாளே அவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போய் அனுமதி கேட்டான். முட்டை அவிக்கலாம், தண்ணீர் கொதிக்க வைக்கலாம், பொரிக்கவோ வதக்கவோ கூடாது, புகை வரக்கூடாது என்று ஒகாதா படம் வரைந்து காட்டினாள். அந்தத் தாளை றுவைஸ் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டிவைத்தான். சஞ்சீவன் அதைப் பார்த்துத்தான் தினமும் தலை வாரினான்.

முதலாவது சனிக்கிழமை பயிற்சி இல்லை. ஹலால் கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு றுவைஸ் ஒன்பது மணிக்கே வெளியே போய்விட்டான். சஞ்சீவன் தனியே இருந்தான். ஆறு நாளாக உப்பும் உறைப்பும் இல்லாத வாய். அவனுடைய சூட்கேசின் அடியில், மனைவி பிரியங்கினி மூன்று பைகளுக்குள் சுற்றிக் கொடுத்த கட்டா மீன் கருவாடு இருந்தது. குச்சவெளியில் அவளுடைய அண்ணன் வீட்டில் காயவைத்தது. ஒரு துண்டுதானே என்று நினைத்தான். மின்சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டான்.

அந்தச் சட்டிக்குச் சூட்டைக் குறைக்கத் தெரியாது. எண்ணெய் ஒரு நிமிடத்தில் புகைந்தது. கருவாட்டைப் போட்டதும் புகை கட்டியாக எழும்பியது. சஞ்சீவன் ஜன்னலைத் திறந்தான், ஒரு சாண். துவாயை எடுத்து விசிறினான். கண் எரிந்தது. புகை போகட்டும் என்று அறைக்கதவைத் திறந்துவிட்டான். அதுதான் பெரிய பிழை. புகை நடைபாதைக்குப் பரவ, மாடி முழுவதும் அபாய மணி அலறத் தொடங்கியது. சட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு அவன் மற்றவர்களோடு படியிறங்கி ஓடினான்.

பத்து நிமிடத்தில் ஹோட்டலில் இருந்த அத்தனை பேரும் தெருவில் நின்றார்கள். சிலர் ஹோட்டல் அங்கியோடும் செருப்போடும். ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு. கைக்குழந்தையோடு ஒரு தாய். நல்ல குளிர். எட்டாம் மாடியிலிருந்து நடக்க ஏலாத ஒரு கிழவியை ஹோட்டல் ஊழியர் ஒருவர் முதுகில் சுமந்து இறக்கி வந்தார். அந்த மனிசி ஒரு கையில் தன் கைத்தடியையும் மறுகையில் அவருடைய கழுத்துப்பட்டியையும் பிடித்திருந்தாள். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. யாரும் சத்தம் போடவில்லை, யாரையும் ஏசவில்லை. ஒகாதா ஒவ்வொருவர் முன்னாலும் போய், இடுப்பை வளைத்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நுரைத் தலைக்காரரிடமும் கேட்டாள். சஞ்சீவனிடமும் வந்து கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் மன்னிப்பை ஏற்றுக்கொண்டவன்போலத் தலையை ஆட்டினான்.

தீயணைப்புக்காரர் ஒருவர் கரிபிடித்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஒகாதாவுக்கு அதைக் கண்டதும் இவர்களுடைய அறைச் சட்டி என்று தெரிந்துவிட்டது, கொண்டுவந்து காட்டியவன் இருவரில் யார் என்றுதான் நிச்சயமில்லை. சஞ்சீவனைப் பார்த்தாள். தன் போனில் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல, அது இங்கிலீசில் கேட்டது: "இந்த மின்சட்டி யாருடையது?"

அதே நேரம் தெருமுனையால் றுவைஸ் இரண்டு கையிலும் சாமான் பைகளோடு வந்துகொண்டிருந்தான். தீயணைப்பு வண்டியைக் கண்டு ஓடிவந்தான்.

"அவருடையது" என்று சஞ்சீவன் அவனைக் காட்டிச் சொன்னான்.

அது பொய்யில்லை. சட்டி றுவைசுடையதுதான். பிறகு எத்தனையோ நாள் சஞ்சீவன் இந்த நியாயத்தைத் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான். ஆனால் சொன்ன அந்தக் கணத்திலேயே அவனுக்குக் காது சுட்டது.

றுவைஸ் சட்டியைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த கருவாட்டைப் பார்த்தான். பிறகு சஞ்சீவனை ஒரு தரம் பார்த்தான். பைகளை நிலத்தில் வைத்துவிட்டு, ஒகாதாவுக்கு முன்னால் அவள் குனிகிற அளவுக்கே குனிந்து மன்னிப்புக் கேட்டான். சட்டியைக் கொதிக்கவிட்டு வெளியே போனவன் இவன்தான் என்று எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள்.

அறைக்குத் திரும்பியதும் சஞ்சீவன் சொல்ல வாயெடுத்தான். "மச்சான், நான்..."

"முதல்ல ஜன்னலத் திற. மணக்குது" என்றான் றுவைஸ்.

வாங்கிவந்த சாமான்களை எடுத்து அடுக்கத் தொடங்கினான். சஞ்சீவன் கீழே போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தரம் லிஃப்ட் வரைக்கும் போனான். ஒருதரம் லிஃப்ட் திறந்து, உள்ளே அந்தக் கிழவி கைத்தடியோடு நின்றாள். அவள் சிரித்துக்கொண்டே இடம் விட்டு ஒதுங்கினாள். சஞ்சீவன் ஏறவில்லை.

திங்கட்கிழமைக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று வேண்டுமென்று பயிற்சிப் பொறுப்பாளர் சொல்லியனுப்பினார். ஞாயிறு பின்னேரம் கட்டிலில் இருந்து றுவைஸ் அதை இங்கிலீசில் எழுதினான். எழுதி முடித்துத் தாளைச் சஞ்சீவனிடம் நீட்டினான். "எழுத்துப் பிழை இருந்தா திருத்து."

சஞ்சீவன் இரண்டு இடத்தில் திருத்தினான். அடுத்த நாள் றுவைஸ் அதை மற்ற நாட்டுக்காரர்களுக்கு முன்னால் எழுந்து நின்று வாசித்தான். திருத்திய இடங்களில் அவன் தடுமாறவில்லை.

திருகோணமலைக்கு வந்து மூன்று கிழமைக்குள் கந்தப்போடி முடிவைச் சொன்னார். ஆறு மாதப் பயிற்சிக்குச் சஞ்சீவன். "றுவைசின்ர பெயரத்தான் நான் குடுக்க இருந்தன். அவங்கள் பாதுகாப்பு விஷயத்தில கடும் ஆக்கள். என்ன செய்யிறது?" என்றார். பிரியங்கினி சந்தோஷத்தில் சாம்பல்தீவு முழுக்கச் சொல்லிவிட்டாள். இயந்திர அறையில் றுவைஸ் கேட்டதற்குப் பதில் சொன்னான், கேட்ட சாவியை எடுத்துக் கொடுத்தான். மச்சான் என்று மட்டும் கூப்பிடவில்லை.

மே மாதக் கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வழக்கமாகப் பெருநாள் மதியச் சாப்பாடு சஞ்சீவனுக்கு றுவைஸ் வீட்டில்தான். இந்த முறை றுவைஸ் கூப்பிடவில்லை, றிஷானாதான் போன் எடுத்துக் கூப்பிட்டாள். மறுக்க அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அவன் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டான் என்று அவள் தனியாகக் கோழிக்கறி சமைத்திருந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அண்ணன், உங்களுக்குக் கிடைச்சது எனக்குச் சந்தோஷம். பொய் சொல்லல்ல. ஆனா எனக்கு மனசு ஆறுதில்ல. நான்தான் அந்தச் சட்டியக் குடுத்து விட்டனான். இவர் வேணாம் எண்டுதான் சொன்னவர். நான்தான் கேக்காம சூட்கேசுக்குள்ள வச்சனான். என்னாலதான் இவர்ர படிப்புப் போச்சு. ஒவ்வொரு தொழுகையிலயும் அழுதிட்டன்."

"றிஷானா, சாப்பாட்டுக்கு முன்னால இந்தக் கதை ஏன்?" என்றான் றுவைஸ்.

சஞ்சீவன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். றுவைஸ் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. நாலு மாதமாக இந்தப் பிள்ளை, தான் செய்யாத ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறாள். பெருநாளன்று நின்று அவனுக்குத் தனிக்கறியும் சமைத்திருக்கிறாள்.

"தங்கச்சி, அது நான்" என்றான். "இவன் கடைக்குப் போன நேரம் நான்தான் கருவாடு பொரிச்சனான். சட்டி ஆருடையது எண்டு கேட்டாங்கள். இவன்ர எண்டு சொன்னனான்."

றிஷானா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். கணவனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை என்று கண்டதும் எழுந்து குசினிக்குள் போனாள்.

"உன்ர பாரத்த இறக்கி வைக்க உனக்கு எங்கட பெருநாள் சாப்பாடுதானா கிடைச்சது?" என்றான் றுவைஸ். கோபத்தில் அவன் குரல் தாழும், உயராது.

"நீ ஏன்ரா அண்டைக்கே சொல்லேல்ல?"

"அத்தனை சனம் குளிருக்குள்ள நிக்குது. அதுக்கு முன்னால ரெண்டு பேர் ஒருத்தன ஒருத்தன் காட்டிக்கொண்டு நிக்கிறது வடிவா? பின்னேரத்துக்குள்ள நீயே போய்ச் சொல்லுவாய் எண்டு நினைச்சன். லிஃப்ட் வரைக்கும் போனாய், கண்டனான். ஞாயிறும் பாத்தன். கடிதத்த ஏன் உன்ர கையில தந்தனான் எண்டு நினைக்கிறாய்? எழுத்துப் பிழைக்கா?"

சஞ்சீவன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"நீ பிழை திருத்தித் தந்தாய். அதுக்குப் பிறகு நீ சொல்லுவாய் எண்டு நான் பாத்திருக்கல்ல."

றிஷானா திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். சஞ்சீவனுடைய கோப்பையில் சோறு அப்படியே இருந்தது. "சாப்பிடுங்க" என்றாள். அண்ணன் என்ற சொல் அதில் இல்லை. எழும்பிப் போவது இன்னும் மரியாதைகெட்ட வேலையாக இருந்திருக்கும். முழுவதையும் சாப்பிட்டான்.

விடுமுறை முடிந்த அன்றே கந்தப்போடியின் அறைக்குப் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லி, எழுத்திலும் கொடுத்தான். அவர் இரண்டு தரம் வாசித்தார். "இதை இப்ப கொண்டு வாறீரே" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஜப்பானில் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் ஹோட்டலுக்கும் கந்தப்போடியின் பெயரிலேயே கடிதம் போனது. றுவைசின் அலுவலகக் கோவையிலிருந்து அந்த மன்னிப்புக் கடிதம் எடுக்கப்பட்டது. ஆனால் பெயர் மாற்றுவதற்கான தேதி கடந்துவிட்டது. பயிற்சியிலிருந்து சஞ்சீவனை நீக்கினார்கள், றுவைசைச் சேர்க்க ஏலவில்லை. ஓகஸ்டில் போனது, முதலே காத்திருப்புப் பட்டியலில் இருந்த கொழும்புக்காரர் ஒருவர். அடுத்த வருடம் பார்ப்போம் என்று கந்தப்போடி றுவைசிடம் சொன்னாராம். எழுத்தில் ஒன்றும் இல்லை.

பிரியங்கினிக்குச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் கேட்டுவிட்டு, "என்ர கருவாடா?" என்றாள். பிறகு, "ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டனே. இனி கேக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்ல?" என்றாள்.

"நீ ஒண்டும் சொல்லாத. என்னட்டக் கேக்கச் சொல்லு."

அவர்கள் கேட்டார்கள். பஸ் தரிப்பிடத்தில் கிராம சேவகர்தான் முதலில் கேட்டார். "எப்ப தம்பி பயணம்?" விசா சரிவரவில்லை என்று சொல்லலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. சுற்றிவர ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"நான் போகேல்ல ஐயா" என்றான் சஞ்சீவன். "நான் செய்த பிழைய என்னோட வேலை செய்யிற பெடியன்ர தலையில போட்டிட்டுத்தான் அந்த இடத்த எடுத்தனான். இப்ப உண்மையச் சொல்லிப்போட்டன். அதால என்ர பெயர வெட்டிப்போட்டாங்கள்."

கிராம சேவகர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பொம்பிளை ஒருத்தி முகத்தைத் திருப்பி வீதியைப் பார்த்தாள். பஸ் வர இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. எல்லோரும் அதுவரைக்கும் அங்கேதான் நிற்க வேண்டும். அவனும் நின்றான்.