மெத்தைக் கடையில் ஒரு பல்டி

அவனைப் பல்டி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளை விட்டுப் பல வருஷமாகியும் பட்டப்பெயர் ஓய்வு பெறவில்லை. உடம்புதான் பெற்றிருந்தது. இப்போது மெத்தைக் கடையில் விற்பனை மேலாளர். "ஒரு தடவை படுத்துப் பாருங்க சார்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, பாதி நேரம் அவனுக்கே கண் சொக்கும்.

வாய் மட்டும் சொக்காது. பூங்காவில் கைவீசி நடப்பவர்களைப் பார்த்தால், "ஈ ஓட்டுறாங்க" என்பான். ஜிம் கண்ணாடி முன்னால் புஜத்தைப் படம் எடுப்பவர்கள் அவனுக்குக் கறிக்கடைச் சரக்கு. அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவன் மச்சினிதான். மனைவியின் தங்கை, பிசியோதெரபிஸ்ட்.

"ரப்பர் பட்டையை இழுக்கச் சொல்றதுக்கெல்லாம் ஒரு படிப்பா?"

"நீங்க ஏதாவது பண்றீங்களா அத்தான்?"

"நான் பண்ணதுல பாதிய இவங்க ஆயுசுக்கும் பண்ண முடியாது. எல்லாம் இந்த உடம்புல சேத்து வெச்சிருக்கேன்."

சேர்த்து வைத்தது இடுப்பைச் சுற்றித் தெரிகிறது என்று மனைவி அடுப்பிடம் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை கடைக்கு ஓர் இளம் ஜோடி வந்தது. தெரிந்தவர்கள் யாரோ அவனைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள் போல. "அந்த ஜிம்னாஸ்ட் நீங்கதானா?" என்று கேட்ட மாப்பிள்ளையின் பார்வை அவன் தொப்பையில் வந்து நின்றது. "நம்பவே முடியலயே."

அது போதும். பல்டி ஷூவைக் கழற்றினான். டையைச் சட்டைக்குள் திணித்தான். பெரிய மெத்தை ஒன்றைத் தரையில் இழுத்துப் போட்டு அதற்கு முதுகு காட்டி நின்றான்.

"ஸ்பிரிங் எப்படித் தாங்குதுன்னு பாருங்க."

முழங்காலை மடக்கி எம்பினான். எம்பியதாக அவன்தான் சொல்கிறான். கால் தரையை விட்டதாக வேறு யாரும் சொல்லவில்லை. டப்பென்று ஒரு சத்தம். குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்த மாதிரி இருக்க, திரும்பி மாப்பிள்ளையை முறைத்தான்.

"எதுக்கு உதைச்சீங்க?"

மாப்பிள்ளை கடையின் அந்தக் கோடியில் தலையணை விலை பார்த்துக்கொண்டிருந்தார். பல்டி மல்லாந்து விழுந்தான். ஸ்பிரிங் நன்றாகவே தாங்கியது. ஜோடிதான் எதுவும் வாங்காமல் போய்விட்டது.

குதிகால் தசைநார் அறுந்திருந்தது. ஆபரேஷன், கட்டு, ஊன்றுகோல் எல்லாம் முடிந்து கடைசியில் மச்சினியிடமே வந்து சேர்ந்தான். அவள் அறையில் இடுப்புயரத்துக்கு இரண்டு இணைக் கம்பிகள். அப்படிப்பட்ட கம்பிகளின் மேல் அவன் தலைகீழாக நின்று பதக்கம் வாங்கியிருக்கிறான். இங்கே அவை நடக்கப் பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்வதற்கு.

"முதல்ல நல்ல கால். பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி மெதுவா இறக்குங்க."

"இதென்ன, எட்டிப் பாக்குற பயிற்சியா?"

சிரித்தபடி ஆரம்பித்தான். சீக்கிரமே சிரிப்பு நின்றது. கெண்டைக்கால் வெடவெடவென்று ஆடியது. குதிகால் தரையோடு ஒட்டிக்கொண்டு எழ மறுத்தது.

"அடிபட்டது இந்தக் கால் இல்லயே அத்தான்" என்றாள் மச்சினி, மிகவும் மரியாதையாக.

அடிபட்ட காலைக் காட்டித் தப்பிக்கலாம் என்றிருந்தான். நல்ல கால் காட்டிக்கொடுத்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி பேசிக்கொண்டு வந்தாள். அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் ஒருநாள் விடாமல் செய்தான். திருந்திவிட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். ரப்பர் பட்டையைத் திட்டிக்கொண்டே இழுத்தான். பூங்காவில் முன்னால் போகிறவர்களை முணுமுணுப்பில் கேலி செய்துகொண்டே நடந்தான், மூச்சு மிச்சமிருந்த வரைக்கும்.

அடுத்த வருஷம், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம் ஒன்றில், சுமை ஆளோடு சேர்ந்து மெத்தையை மாடிக்குத் தூக்கிப் போனான். பாதியில் சுமை ஆள்தான் படியில் உட்கார்ந்துவிட்டார். நேராக மச்சினியிடம் வந்து நின்றான்.

"பழைய உடம்பு. சும்மாவா?"

"பழசுதான் அத்தான்" என்று சொல்லி அவன் கைக்கொரு டம்பெல்லைத் திணித்தாள். "இன்னிலேர்ந்து இதையும் பிடிச்சுக்கிட்டுத் தூக்குங்க."

"இதெல்லாம் ஒரு எடையா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குதிகாலைத் தூக்கினான்.