பட்டாணியின் கால் சுற்றளவு

பூனை பட்டாணி நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டபோது மருதை பல் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் மாலை மின்விசிறியைத் துடைப்பதற்காக இழுத்துப் போட்ட நாற்காலி அது. பூனை ஒரு கணம் நின்று, தலையைச் சாய்த்து, மறுபடியும் அதே இடத்தில் போய் முட்டியது.

"என்னங்க, வாயைக் கொப்பளிச்சிட்டு இங்க வாங்க. இது கண்ணைப் பாருங்க," என்று பிரேமலதா கூப்பிட்டாள்.

காட்டூர் வீட்டின் கிழக்கு ஜன்னலில் காலை வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பூனையின் கண்மணி மெல்லிய கோடாகச் சுருங்கியிருக்க வேண்டும். பட்டாணிக்கோ இரண்டு கண்ணும் கறுப்புக் கோலிக்குண்டு போல விரிந்து கிடந்தன. மருதை டார்ச்சை அடித்துப் பார்த்தார். அசைவே இல்லை. பதின்மூன்று வயதுப் பூனை. முந்தின இரவு அவர் மடியில் ஏறிப் படுத்து அவர் முகத்தைப் பார்த்த பூனை.

சிறுநீரகம் பழுதான கிழட்டுப் பூனைகளுக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஏறிக்கொண்டே போனால் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய விழித்திரை, ஈரச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உரிவது போலக் கழன்றுவிடும். ஒரே ராத்திரியில் பார்வை போகும். இதையெல்லாம் ஸ்ரீரங்கத்துக் கால்நடை டாக்டர் பேட்ரிசியா ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். அதனால்தான் மாத்திரை. அதனால்தான் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டிலேயே அழுத்தம் பார்ப்பது.

பார்ப்பவர் மருதை. அவரை விட்டால் அதற்கு ஆள் கிடையாது என்று அவரே நினைத்திருந்தார். பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் பிரஷர் கேஜ்களைச் சோதித்துத் தேர்ந்தவர். ஒரு கேஜ் காட்டுகிற எண் சரிதானா என்பதை, அதைவிடத் துல்லியமான இன்னொரு கேஜோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் சோதித்த தேதியும் அடுத்த சோதனைத் தேதியும் எழுதிய ஒரு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கரில் மருதையின் கையெழுத்து இருந்தால் மேலதிகாரிகள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

பூனைக்கான கருவியை வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, அதன் கேஜைத் துவாக்குடியில் பழைய நண்பரின் பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சோதித்ததுதான். இரண்டு புள்ளிக்கு மேல் பிசகவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினார். பூனையின் முன்னங்காலில் காற்றேற்றும் பட்டையைச் சுற்றி, பாதத்துக்கு மேல் கொஞ்சம் மயிரைக் கத்தரித்து, ஜெல் தடவி, சிறிய ஒலிக்கருவியை வைப்பார். காதில் ஹெட்போன், ஏனென்றால் அந்தச் சத்தம் பூனையை மிரட்டும். உஷ், உஷ் என்று ரத்தம் ஓடுவது கேட்கும். ரப்பர் பல்பை அமுக்கிக் காற்றை ஏற்றினால் பட்டை இறுகி, ஒரு கட்டத்தில் சத்தம் நிற்கும். பிறகு காற்றை மெதுவாக விட வேண்டும். நின்ற சத்தம் எந்த எண்ணில் மறுபடி உயிர் பெறுகிறதோ அதுதான் அழுத்தம். கால் இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தாலே எட்டுப் புள்ளி கூடிவிடும். முதல் எண்ணைத் தள்ளிவிட்டு அடுத்த ஐந்தின் சராசரியை எடுக்க வேண்டும். இதையெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிச் சொல்லி மருதை அலுத்ததே இல்லை.

அன்று காலையும் அப்படியே செய்தார். நூற்று அறுபத்தாறு.

"கொஞ்சம் கூடத்தான். ஆனா கண்ணு போற அளவுக்கு இல்லை," என்றார்.

பூனையின் காலைப் பிடித்திருந்த பிரேமலதா அவரைப் பார்க்கவில்லை. "எண்ணைச் சொல்லிக்கிட்டே இருங்க. இந்தக் காலைப் பாருங்க, முருங்கைக்காயாட்டம் ஆயிடுச்சு. போன தீபாவளிக்கு எப்படிக் கொழுகொழுன்னு இருந்துது."

மருதை காலைப் பார்த்தார். பிறகு பட்டையைப் பார்த்தார். வாங்கிய புதிதில் அதன் ஒட்டும் முனை, ஒரு வெள்ளைக் கோட்டில் வந்து நிற்கும். இப்போது கோட்டைத் தாண்டி மறுபக்கம் வரை போயிருந்தது. பல வாரங்களாகவே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு முறையும் இழுத்து ஒட்டிவிட்டு கேஜைப் பார்க்கத் திரும்பியிருக்கிறார்.

பிரேமலதா பால் காய்ச்ச உள்ளே போனதும் தையல் டேப்பை எடுத்துக் காலைச் சுற்றி அளந்தார். ஐந்தரை சென்டிமீட்டர். போன வருஷம், அழுத்தம் குறித்துவைக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் அவரே எழுதியிருந்தது: ஏழரை.

பட்டையின் அகலம் கால் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். ஏழரைக்கு மூன்று சென்டிமீட்டர்ப் பட்டை கச்சிதம். ஐந்தரைக்கு அது மிக அகலம். அகலமான பட்டை ரத்தக்குழாயை நீளமாகப் பிடித்து அழுத்துகிறது. அதனால் கொஞ்சம் அழுத்தத்திலேயே ஓட்டம் நின்றுபோகிறது. எண் குறைவாக வருகிறது. தண்ணீர்க் குழாயை ஒரு விரலால் நசுக்குவதைவிட முழு உள்ளங்கையால் அமுக்கினால் சுலபமாக நிற்குமல்லவா, அதேதான். கேஜுக்கு அடுத்த சோதனைத் தேதி போட்டவர் பூனையின் காலுக்கு அப்படி ஒரு தேதி போடவில்லை. முப்பத்து நான்கு வருஷமும் அவர் கைக்கு வந்த குழாய்களில் ஒன்றுகூட மெலிந்ததில்லை.

கருவிப் பெட்டியில் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் அதைவிடச் சிறிய இரண்டாம் நம்பர்ப் பட்டை இருந்தது. சுற்றினார். பல்பை அமுக்கினார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

பிரேமலதாவின் காலடி கேட்டது. அவர் சிறிய பட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கிளம்புங்க. அந்த டாக்டரம்மாதான் மாத்திரையைப் பாதியாக் குறைச்சுது. நாலு வார்த்தை நறுக்குனு கேக்காம விடப்போறதில்லை," என்றாள் அவள்.

குறைக்கச் சொன்னது யார் என்பது மருதைக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன் பட்டாணி சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தது. மாத்திரைதான் காரணம் என்று அவர் முடிவு கட்டினார். டாக்டர் பார்த்தபோது நூற்று எண்பத்தாறு காட்டியது. வீட்டில் நூற்று ஐம்பது. ஆஸ்பத்திரியில் பூனைகள் பயத்தில் அழுத்தம் ஏறிப் போவது உண்மைதான். அதை டாக்டரே ஒப்புக்கொண்டார். "ஆனா குறைக்க வேண்டாம்னுதான் எனக்குத் தோணுது சார்" என்றார். அப்போது மருதை, வெளியே காத்திருந்தவர்கள் காதில் விழும்படி கேட்டார்: "உங்க கேஜுக்குக் கடைசியா எப்பம்மா காலிபரேஷன் பண்ணுனீங்க?" தம் கேஜைத் தூக்கி ஸ்டிக்கரைக் காட்டினார். நாயோடு வந்திருந்த ஒருவர், "சார், எங்க வீட்டுக் குக்கரையும் ஒரு தரம் பாத்துக் குடுத்துடுங்க" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரிக்க முயன்றார். காது நுனி வரை சிவந்த முகத்தோடு, "சரி, பாதி குடுங்க. பத்து நாள்ல கூட்டிட்டு வந்து காட்டணும்" என்று எழுதிக் கொடுத்தார். பத்தாம் நாள் மருதை போகவில்லை. நூற்று ஐம்பத்து நான்கு என்று போனில் சொல்லிவிட்டார்.

ஆட்டோ பால்பண்ணையைத் தாண்டி காவிரிப் பாலத்தில் ஏறியது. மடியில் கூடை. உள்ளே பட்டாணி சத்தமே போடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பிரேமலதா டாக்டரிடம் பேசப்போவதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். சொல்லிவிடலாம் என்று மருதை மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் ஆட்டோக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று ஒரு சாக்கு கிடைத்தது.

ஸ்ரீரங்கத்தில் டாக்டரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே நாலைந்து பேர். டாக்டர் பட்டாணியின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

"ரெண்டு கண்ணுலயும் விழித்திரை பிரிஞ்சிருக்கும்மா."

"பிரியாம என்ன பண்ணும்?" பிரேமலதாவின் குரல் உயர்ந்தது. "நல்லாக் குடுத்துக்கிட்டிருந்த மாத்திரையைப் பாதியாக்குனா? படிச்சவங்கதான நீங்க? அவரு ஆயிரம் சொல்லுவாரு, அவரு டாக்டரா? நீங்கல்ல முடியாதுன்னு சொல்லணும்?"

வெளியே பேச்சு நின்றுபோனது.

"தப்பு என் மேலதாம்மா. நான் சம்மதிச்சிருக்கக் கூடாது," என்றார் டாக்டர். சொல்லிவிட்டு மருதையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "இன்னிக்குக் காலைல வீட்டுல எவ்வளவு சார் இருந்துது?"

"நூத்தி அறுபத்தாறு," என்றார் மருதை.

அது பொய் இல்லை. அப்படித்தான் அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார்.

டாக்டர் தாமும் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இங்க பயத்துல எவ்வளவு ஏறுதுன்னு தெரியலை. வீட்டுல நூத்தி அறுபத்தாறுதான்னா, மாத்திரையை மொத்தமா ஏத்துனா ரொம்ப இறங்கி கிட்னிக்கு ஆபத்தாயிடும். இப்போதைக்குக் கொஞ்சமா ஏத்தறேன். கண்ணுக்கு வேற காரணம் இருக்கான்னு ரத்தம் எடுத்து அனுப்பலாம். ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாள் கழிச்சுப் பார்வை திரும்புமா?" என்றாள் பிரேமலதா.

"பிரஷர்தான் காரணம்னா ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்மா. உடனே இறக்குனா சில பூனைக்கு விழித்திரை மறுபடி ஒட்டிக்கும். ஆனா சாரோட ரீடிங்…" டாக்டர் சீட்டில் எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்க டாக்டர்," என்றார் மருதை.

சட்டைப் பையிலிருந்து சிறிய பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பேச ஆரம்பித்ததும் பழக்கதோஷத்தில் பட்டையின் அகலம், சுற்றளவு, ஐந்தில் இரண்டு பங்கு என்று விளக்கத்திலேயே போனார். பாதியில் தம் குரல் தமக்கே கேட்டது. நிறுத்தினார்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு. சின்னப் பட்டைல அதான் வந்துது. இத்தனை வாரமா நான் சொன்னது எல்லாமே தப்பு. காலு மெலிஞ்சிருச்சு. நான் அளக்கலை."

டாக்டர் பட்டாணியின் ஃபைலை அவர் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு முறை வந்ததற்கும் ஒரு வரி இருந்தது. தேதி, எடை, பட்டை நம்பர், கால் சுற்றளவு: ஏழரை, ஆறே முக்கால், ஆறு, ஐந்தரை.

"நாங்க ஒவ்வொரு தரமும் அளந்துதான் சார் போடுவோம்," என்றார் மெதுவாக. குத்திக்காட்டும் குரலாக இருந்திருந்தால் மருதைக்குச் சற்று சுலபமாக இருந்திருக்கும். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, முழு மாத்திரைக்கும் மேலே கணக்குப் போட்டு, அங்கேயே பட்டாணியின் வாயைத் திறந்து முதல் வேளையைப் போட்டார். "மூணு நாள் காலைலயும் சாயங்காலமும் வீட்டுல பாத்துச் சொல்லுங்க சார். இங்க கூட்டிட்டு வந்தா பயந்துக்கும்."

"நானா?"

"நீங்கதான். வேற யாரு பாப்பாங்க?"

பிரேமலதா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றாள். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்த பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"காலைல."

"அப்ப ஆட்டோல வரும்போதே தெரியும்."

அவர் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணை அத்தனை பேர் முன்னாடி நான் அந்தப் பேச்சுப் பேசுறேன். பக்கத்துலதான நின்னீங்க? மரம் மாதிரி நின்னீங்களே."

தவறாக அளந்ததை ஒருவரிடம் விளக்கிவிடலாம். அங்கே நின்ற அந்த இரண்டு நிமிஷத்தை எப்படி விளக்குவது?

அடுத்த மூன்று நாளும் டேப்பைப் பிரேமலதா சுற்றினாள். அவர் கேட்டுக்கொண்டதால் கேஜின் முள்ளையும் அவளே பார்த்துச் சொன்னாள். அவர் ஹெட்போனில் சத்தம் திரும்புகிற கணத்தில் விரலை மட்டும் உயர்த்தினார். நூற்று எழுபத்தெட்டு. நூற்று அறுபது. நூற்று நாற்பத்தாறு. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவள் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை டாக்டர் சொல்லியிருந்த சோதனையைச் செய்தார்கள். கண்முன் கையை ஆட்டிப் பார்க்கக் கூடாது. காற்று மீசையில் பட்டே பூனை திரும்பிவிடும். பஞ்சு உருண்டையை மேலேயிருந்து விட வேண்டும். அது விழும்போது சத்தமும் வராது, காற்றும் அசையாது. பார்வை இருந்தால்தான் தலை அதனோடு போகும்.

மருதை இடப் பக்கம் விட்டார். பட்டாணி அசையவில்லை. வலப் பக்கம் விட்டார். தலை கொஞ்சம் திரும்பியது போல இருந்தது.

அவர் மற்றொரு உருண்டையைப் பிரேமலதாவிடம் நீட்டினார். "நீ விடு. நீயே பாரு."

"ஏன், உங்களுக்குத்தான் தெரிஞ்சுதுல்ல?"

"எனக்குத் தெரிஞ்சா போதாது."

அவள் உருண்டையை வாங்கிக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து வலப் பக்கம் பஞ்சை விட்டாள். மூன்று முறை. மூன்று முறையும் பூனையின் தலை பஞ்சோடு இறங்கியது. இடப் பக்கம் ஒரு முறைகூட இல்லை.

"வலது கண்ணு தெரியுது. இடது இல்லை," என்றாள்.

அவர் டாக்டருக்குப் போன் போட்டார். "டாக்டர், மருதை பேசறேன். வீட்டுல பிரேமலதா பாத்ததைச் சொல்றேன், எழுதிக்கங்க," என்று ஆரம்பித்து, முதலில் கால் சுற்றளவைச் சொன்னார்.