கன்னியப்பனுக்கு மட்டும் தடை

லமீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவை வெடுக்கென்று உருவினாள்.

“இதை மெஷின்ல ஏத்தாதீங்க மாமா. லைசென்ஸ்ல ஒரு வரி சரியில்ல.”

தட்டாஞ்சாவடி பட்டறைக்காரர் சங்கத்தில் மணி பதினொன்று. தலைவர் ஷஹாபுதீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தகடு வெட்டும் மெஷின்களை ஓட்டும் பழைய சாஃப்ட்வேரின் ஒப்பந்தம் பன்னிரண்டுக்கு முடிகிறது. போன வருஷம் அந்தக் கம்பெனி எங்கோ உட்கார்ந்துகொண்டு பூட்டு போட, இருபத்திரண்டு பட்டறைகள் நான்கு நாள் முடங்கின. அதன் பிறகுதான் சங்கம் முடிவெடுத்தது: இனிமேல் கட்டற்ற மென்பொருள். யாரும் எதற்கும் ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அப்படி ஒன்று தேறாவிட்டால், வேறு வழியில்லாமல் பழைய கம்பெனியோடு இன்னும் மூன்று வருஷம்.

தேறுகிறதா என்று பார்த்துச் சொல்வது லமீஸின் பொறுப்பு. பென் டிரைவில் இருப்பதை எழுதியவன் பாரதி. புதுச்சேரி சாரம் பகுதியில் ஒற்றை அறையில் மூன்று வருஷம் கிடந்து எழுதிய புரோகிராம். இன்று போனால் போனதுதான்.

லமீஸ் அந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். கன்னியப்பன் பட்டறை இதைப் பயன்படுத்தக் கூடாது.

சங்கச் செயலாளர் கன்னியப்பன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பாரதி பதறி எழுந்தான். அந்த வரி சத்தியமாகத் தன்னுடையது இல்லை என்றான். மாட்டிக்கொண்டவன் வேறென்ன சொல்வான் என்று கன்னியப்பன் சிரித்தார். நேற்று மாலைக்குள் கொடுத்த பிரதிதான் செல்லும், இப்போது அழிக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு பட்டறைக்குத்தானே இல்லை, மற்ற இருபத்தொன்று ஓட்டட்டுமே என்று இழுத்தார் ஷஹாபுதீன்.

“ஒருத்தருக்குக் கூடாதுன்னாலும் அது கட்டற்றது இல்ல மாமா.”

“பாப்பா கரெக்டா சொல்லுது பாய். விதின்னா விதி” என்ற கன்னியப்பன், பழைய கம்பெனியின் புது ஒப்பந்தத்தைத் தலைவர் பக்கம் தள்ளினார். பேனாவையும் திறந்து வைத்தார்.

அந்த அவசரம்தான் லமீஸை உறுத்தியது. தடை போடப்பட்டவர், தடையை எடு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே.

இணையத்தில் பாரதி போன வாரமே போட்டு வைத்திருந்த பிரதியைத் திறந்தாள். எல்லாம் அச்சு அசல் அதே. அந்த வரி மட்டும் இல்லை.

“பென் டிரைவ் ராத்திரி யார்கிட்ட இருந்துச்சு?”

செயலாளரின் மேஜை டிராயரில். சாவி அவர் இடுப்பில்.

“எனக்கே நான் தடை போட்டுக்க எனக்கென்ன பைத்தியமாம்மா?” கன்னியப்பன் குரல் உயரவில்லை. “எனக்கு இதுல என்ன லாபம், சொல்லேன்.”

நியாயமான கேள்வி. ஷஹாபுதீன் பேனாவை எடுத்தார்.

லமீஸ் ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். கன்னியப்பன் கை குறுக்கே வந்தது, கொஞ்சம் தாமதமாக. புதுச்சேரிக்குப் புது ஏஜென்ட் என்ற இடத்தில் ஒரு பெயர், ஒரு விலாசம்.

“மூலக்குளத்துல சின்னப்பாப்பான்னு யாரு மாமா?”

ஷஹாபுதீன் பேனாவை மூடினார்.

“கன்னியப்பன் சம்சாரம்.”