ஹிஜ்ரி 730

மேடை ஏறப்போன பேராசிரியர் கோவிந்தராஜன் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். நின்றார். நேராக நிருபமாவிடம் வந்தார்.

"அடடே, நிருபமா! கார்ல்ஸ்ரூஹேல பிரேக் டிஸ்க் டெஸ்ட் பண்றதா கேள்விப்பட்டேன். நல்ல வேலைம்மா. பித்தளையோ இரும்போ, உலோகம் உலோகம்தானே."

"ஆமா சார். கடைசியில ஒரு கேள்வி கேக்கலாமா?"

"தாராளமா. பப்ளிக் லெக்சர் ஆச்சே." சிரித்துக்கொண்டே போனார்.

துணைக்கு வந்திருந்த சுலோஜனா, கார்ல்ஸ்ரூஹேயில் அவளுடைய மேல்வீட்டுக்காரி, யாழ்ப்பாணத்துக்காரி, குனிந்து கேட்டாள்: "இவரே அவர்? பாத்தால் மாப்பிள்ளையின்ர சித்தப்பா மாதிரியெல்லே சிரிக்கிறார்."

"அவரேதான் அக்கா."

நாலு வருஷத்துக்கு முன்னால் வரை இதே டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவரிடம்தான் நிருபமா ஆராய்ச்சி மாணவி. வந்த புதிதிலேயே ஒரு பழங்காலப் பித்தளை வட்டு அவள் கைக்கு வந்தது. அஸ்ட்ரோலேப். நட்சத்திரத்தைக் குறிபார்த்து நேரம் சொல்லும் கருவி. சனி ஞாயிறெல்லாம் லேபில் கிடந்தாள். கதவைத் திறந்தது அவர் கார்டு, அளக்கும் மெஷினைத் திறந்தது அவர் பாஸ்வேர்டு. "தனி கார்டுக்கு அப்ளிகேஷன் போட்டு ரெண்டு மாசம் காத்துக்கிட்டு எதுக்கும்மா? நம்ம பொண்ணு நீ" என்றிருந்தார்.

வட்டைப் பற்றிய கட்டுரை வெளிவந்தபோது அதில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

புகார் கொடுத்தாள். விசாரணைக் குழுவுக்கு அவர் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'நிருபமா இந்தக் கருவியைத் தொட்டதே இல்லை.' கதவின் பதிவும் மெஷினின் பதிவும் அவருக்கே சாட்சி சொல்லின. பொய்ப் புகார் என்று முத்திரை குத்தி, படிப்பைப் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பினார்கள். அந்தக் குழுவின் தலைவி லிண்ட்னர் அம்மையார் இன்று முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்பு, இந்த உரைக்கான அறிவிப்பில் வட்டின் ஆண்டைப் பார்த்தபோதுதான் நிருபமா தன் பழைய தப்பைக் கண்டுபிடித்தாள். வட்டின் முதுகில் 730 என்று செதுக்கியிருக்கிறது. ஹிஜ்ரி ஆண்டு. நபிகள் மதீனாவுக்குப் போன கி.பி. 622-லிருந்து எண்ணுவது. அன்றைக்கு அவள் இரண்டையும் கூட்டி 1352 என்று எழுதிவிட்டாள். ஆனால் ஹிஜ்ரி நிலாக் கணக்கு. வருஷத்துக்குப் பதினோரு நாள் குறையும். எழுநூறு வருஷத்தில் இருபத்திரண்டு வருஷம் கரைந்துவிடும். சரியான ஆண்டு 1330.

திருச்சியில் பக்கத்து வீட்டு ரம்ஜான் பிரியாணியை ஐப்பசி மழையிலும் தின்றிருக்கிறாள், சித்திரை வெயிலிலும் தின்றிருக்கிறாள். அப்படியும் உறைக்கவில்லை. கோவிந்தராஜனுக்கும் உறைக்கவில்லை. உலோகவியல் பத்திரிகையில் வருஷத்தை யார் சரிபார்த்தார்கள்?

"பிழை உன்ர எண்டால் வெட்கமும் உனக்குத்தானே?" என்று ரயிலிலேயே கேட்டிருந்தாள் சுலோஜனா.

"வரட்டும் அக்கா. அவர் வாயிலிருந்து ஒரு வரி வேணும். அதுக்கு என்ன விலையும் கொடுப்பேன்."

கோவிந்தராஜன் அருமையாகப் பேசினார், அதை மறுக்க முடியாது. ஸ்பெயினின் கோர்டோபாவிலிருந்து டெல்லி வரை ஒரே காலண்டர், ஒரே வானம் என்றார். கலீஃபாக்கள் வாளால் பிடித்த நாடுகள் கைமாறிவிட்டன. நட்சத்திரங்களை யாராலும் திருப்பிப் பிடிக்க முடியவில்லை. வேகா, ரிகல், அல்டெபரான் என்று ஜெர்மன்காரர்கள் இன்றும் அரபியில்தான் வானத்தைக் கூப்பிடுகிறார்கள் என்றார். கைதட்டல். பிறகு மேசைமேல் இருந்த பித்தளை வட்டைக் காட்டி உச்சத்துக்கு வந்தார். இந்த வட்டு 1352-இல், பிரோஸ் ஷா துக்ளக் பட்டத்துக்கு வந்த மறுவருஷம், அவர் அவைக்கென்றே செய்யப்பட்டது. அடுத்து வரப்போகும் தன் புத்தகமும் அதைப் பற்றித்தான் என்றார்.

நிருபமா எழுந்தாள்.

"730 எப்படி 1352 ஆனது?"

"ஹிஜ்ரி தொடங்கியது 622-இல். கூட்டினால்—"

பின்வரிசையிலிருந்து ஒரு முதிய சிரியாக்காரர், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நிலா ஆண்டை அப்படிக் கூட்டக்கூடாது. அது 1330. பிரோஸ் ஷா அப்போது அரசரே இல்லை."

யாரோ சிரித்தார்கள். அது பரவியது. கோவிந்தராஜன் தண்ணீரைக் குடித்தார்.

நிருபமா உட்காரவில்லை. "அந்தக் கணக்கை யார் போட்டது?"

மெஷின் கெட்டாலும், ரிப்போர்ட் தாமதமானாலும், அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும். அந்தப் பதிலுக்காகத்தான் அவள் அறுநூறு கிலோமீட்டர் வந்திருந்தாள்.

"இந்த மாதிரிச் சின்ன வேலையெல்லாம் நான் செய்வதில்லை," என்றார் மேடையிலிருந்து. "கருவியை அளந்து குறிப்பெடுத்தது அந்தப் பெண்தான், அன்றைக்கு என் மாணவி. அவள் செய்த தவறு. நான் நம்பிவிட்டேன்."

சிரிப்பு அடங்கியது. லிண்ட்னர் அம்மையார் கட்டிய கையைப் பிரித்தார்.

"எந்தக் கருவியை அளந்தார், கோவிந்தராஜன்?"

அவர் மேசைமேலிருந்த வட்டைப் பார்த்தார். வேறு எந்தக் கருவி என்று சொல்வார்? அது ஒன்றுதான் மேடையில் இருந்தது.

"தவறு என்னுடையதுதான்," என்றாள் நிருபமா. "ஒத்துக்கொள்கிறேன். என் பெயரைப் போட்டே எழுதிக்கொள்ளுங்கள்."

லிண்ட்னர் அம்மையார் பேனாவை எடுத்து எழுதினார். எழுதி முடித்து, "நாளை காலை ஒன்பதுக்கு என் அறைக்கு வாருங்கள்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

வாசலில் நிருபமா கோட்டை மாட்டும்போது கோவிந்தராஜன் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நிருபமா, ஒரு நிமிஷம். அடுத்த பேப்பர்ல உன் பேரை முதல்ல போடறேன். நாளைக்கு மட்டும் நீ ஏதாவது... என் பேரே போயிடும்மா."

"இவருக்கு இப்பத்தான் உன்ர பேர் ஞாபகம் வருது," என்றாள் சுலோஜனா.

நிருபமா நிதானமாகக் கடைசிப் பட்டன்வரை போட்டாள்.

"போகட்டும் சார். எனக்குப் போய் நாலு வருஷம் ஆச்சு. பழகிடும்."