பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பேர்

உடலைச் சுற்றிய கஃபன் துணிக்குத் தலைமாட்டு முடிச்சைப் போடுவதற்கு முன்னால், கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கச் சொன்னார்கள். ஆரிபா குனிந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தவள், பக்கத்தில் நின்ற சாயிரா பானுவிடம், "அக்கா, மணி இன்னா?" என்று கேட்டாள். விடிந்ததிலிருந்து அவள் மணி கேட்பது இது ஐந்தாவது தடவை.

சாயிரா, செத்துப்போனவருடைய அண்ணன் பெண்சாதி. தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பன்னண்டரை ஆவப்போவுது. சந்தூக்கு வந்துச்சு, இப்ப எடுத்துருவாங்க. அழுதுடுடி ஆரிபா, உள்ளயே வெச்சிக்கினு இருக்காத."

அழுகை எங்கே வந்தது! அவள் மனசெல்லாம் பன்னிரண்டே முக்கால் மணியில் கிடந்தது.

ஆரிபாவின் புருஷன் அப்துல் கனி கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர். கவரைப்பேட்டையில் காலை ரயிலைப் பிடித்துப் போய், சாயங்கால ரயிலில் முதுகெல்லாம் துருவோடு திரும்புகிற ஆள். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் ஒரு கிறுக்கு இருந்தது. வருஷத்தில் எந்தத் தேதியைச் சொன்னாலும், அந்தத் தேதியில் பாட்டு உலகத்தில் என்ன நடந்தது என்று சொல்லுவார். எந்த இசைத்தட்டு கடைக்கு வந்தது, எந்த ஆர்மோனியக்காரர் பிறந்தார், எந்தப் பாட்டுப் பதிவு கரண்டு போய் மறுநாளைக்குத் தள்ளிப்போனது, எல்லாம் அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமையானால் மெட்ராசுக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் புழுதி தின்றுவிட்டு வருவார். யாரோ ஒரு தபேலாக்காரர் செத்த தேதிக்காகச் சைதாப்பேட்டையில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். "பாடுனவங்கள ஊரே கொண்டாடுது. பின்னால குந்திக்கினு வாசிச்சவன யாரு கேக்குறா?" என்பார். இந்த மனுசனையும்தான் யார் கேட்டார்கள்? ஆரிபா கேட்டாள். சோறு பரிமாறிக்கொண்டே பத்து வருஷமாகக் கேட்டாள்.

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து தமிழ்ப் பாட்டுப் போடும் ரேடியோவுக்கு அந்தத் தெருவில் அக்கரை ஸ்டேஷன் என்று பேர். மத்தியானத்தில் 'இதே தேதியில்' என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் எழுதி அனுப்பும் சேதிகளைப் பேரும் ஊரும் சொல்லி வாசிப்பார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து கனி எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. போன மாசம்தான் பதில் வந்தது. ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி, பன்னிரண்டே முக்காலுக்கு, அவர் அனுப்பிய சேதிகள் வாசிக்கப்படும்.

"யாராண்டயும் மூச்சு உடாத," என்றார் ஆரிபாவிடம், சின்னப் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "அண்ணன் அந்நேரத்துக்கு ஜெயராஜ் கடைல டீ குடிச்சிக்கினு இருப்பாரு. திடீர்னு என் பேரு வரும் பாரு. அவரு மூஞ்சி எப்டி போவுதுன்னு நீதான் ஜன்னலாண்ட நின்னு பாத்துச் சொல்லணும்."

அண்ணன் ஷஃபியுல்லாவுக்குத் தம்பியின் கிறுக்கு ஆகவே ஆகாது. தொழுகைக்கு நேரமில்லாதவனுக்குப் பாட்டுக்கு எங்கேயிருந்து நேரம் வருது என்று தெருவில் வைத்தே கேட்டவர்.

இன்றைக்குத்தான் ஆகஸ்டு இருபத்தொன்று. விடிகாலை பாங்கு சொல்லும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கனி அப்படியே சாய்ந்துவிட்டார்.

வந்ததும் வராததுமாக ஷஃபியுல்லா செய்த முதல் காரியம், தம்பியின் ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டது. சரி, போகட்டும், எதிர்த்தாற்போலத்தான் ஜெயராஜ் கடை, அங்கே காலை ஐந்து மணிக்கே ரேடியோ கத்த ஆரம்பித்துவிடும், காதில் விழாமலா போகும் என்று ஆரிபா தைரியமாகத்தான் இருந்தாள். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெரு ஓசையில்லாமல் கிடந்தது. சாவு விழுந்த தெருவில் எடுக்கிறவரைக்கும் யாரும் ரேடியோ போடமாட்டார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு எல்லாருக்கும் அது ஒரே வழக்கம். ஜெயராஜ் தன் ரேடியோ மேல் ஈரிழைத் துண்டையே போட்டு மூடியிருந்தான். கனி பாய்க்குத் தெரு செய்த மரியாதை. அந்த மரியாதையில் அவர் பேர் ஒரு காதிலும் விழாமல் போகப்போகிறது.

அடப்பாவிகளா, என்று அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

கதவோரம் போய், "மச்சான், ஒரு வார்த்தை," என்றாள்.

ஷஃபியுல்லா வந்து, தலையைக் குனிந்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஜெயராஜண்ணன ரேடியோ போடச் சொல்லுங்க மச்சான். செத்த நேரம்."

"இன்னாது? மய்யித்து கெடக்குற ஊட்டாண்ட பாட்டா? உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சிப்போச்சா?"

"பாட்டு இல்ல மச்சான். அவரு பேரு வருது."

"பேரு சொல்லிக் கூப்புட்றவன் கூப்ட்டுக்கினான். உள்ள போ."

அவர் போய்விட்டார். உள்ளே பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சாயிரா, பாவம், ஆரிபாவின் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள்.

உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கலிமா சொல்லும் குரல்கள் வாசலைத் தாண்டின. ஆரிபா கையை உதறிக்கொண்டு தெருப்பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். இத்தா என்று வீட்டுக்குள் மறைந்து இருக்கவேண்டியவள், அந்நிய ஆம்பிளை காதில் குரல்கூட விழக்கூடாதவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே திரும்பும்படி கூப்பிட்டாள்.

"ஜெயராஜண்ணே! ரேடியோவப் போடுங்க!"

கைகட்டி நின்ற ஜெயராஜ் திகைத்துப்போனான். "பாயம்மா...?"

"அக்கரை ஸ்டேஷன் வெயிங்க. சத்தமா வெயிங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

"ஐயய்யோ, ஊரு இன்னாடி பேசும்," என்று சாயிரா பின்னாலிருந்து இழுத்தாள். ஆரிபா கம்பியை விடவில்லை. பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். ஜெயராஜ் ஷஃபியுல்லாவைப் பார்த்தான். சந்தூக்கின் முன்பக்கத்துக் காலைத் தோளில் தாங்கி வந்த அவர் திரும்பவே இல்லை. ஜெயராஜ் ஜன்னலை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் துண்டை உருவிவிட்டுக் குமிழைத் திருகினான்.

அது பழைய செட்டு. சூடேறிப் பேசுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. முதலில் இரைச்சல். பிறகு சோப்பு விளம்பரத்தின் வால். சந்தூக் டீக்கடையை நெருங்கியது.

"...கவரைப்பேட்டையிலிருந்து நேயர் அப்துல் கனி அனுப்பியிருக்கும் சேதிகள்."

கலிமா பாதியில் நின்றது. பின்னால் வந்தவர்கள் முன்னால் போனவர்கள் மேல் முட்டிக்கொண்டார்கள். மய்யித்தை எடுத்தால் நடுவழியில் நிறுத்தக்கூடாது, விரசாகக் கொண்டுபோக வேண்டும். கனியின் கம்பெனி சிநேகிதர் வரதன் தோள் மாற்றிக்கொள்ள ஓடிவந்தார்.

ஷஃபியுல்லா ஒரு கையால் அவரைத் தடுத்தார். ரேடியோ முதல் சேதியை முடித்து இரண்டாவதை ஆரம்பித்தது. உச்சி வெயிலில், டீக்கடை வாசலில், தம்பியைத் தோளிலிருந்து இறக்காமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.