இவரும் அவரும் ஒருவர்தானா?

காரைக்காலில் சவரிநாதன் குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். மனைவி இசபெல்லா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நாற்பத்தோராயிரம் போட்டோக்களும் இசபெல்லாவின் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் இரண்டு செல்போன்களிலிருந்தும் புதுப் படங்களை இறக்குவாள். ஆடிப்போனவை, கண்மூடியவை, சவரிநாதன் தன் விரலையே எடுத்தவை எல்லாவற்றையும் அழிப்பாள். மிஞ்சியதை வருடம், மாதம் என்று பிரித்து, முகங்களுக்குப் பெயரும் போடுவாள். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

சட்டத்தை மீறியது சவரிநாதன்தான். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிற நாளில், சர்ச்சுக்குப் பக்கத்து மண்டபத்தில் மதிய விருந்து ஏற்பாடாகியிருந்தது. மனைவிக்குத் தெரியாமல் அவளுடைய படங்களைக் கோத்துப் பெரிய திரையில் ஓடவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இசபெல்லா விடைத்தாள் திருத்தப் போயிருந்த ஒரு நாள் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

திறந்ததுமே அது ஒரு கேள்வி கேட்டது. இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, 'இவரும் அவரும் ஒருவர்தானா?' என்றது. அந்தக் கேள்வியை இசபெல்லா எத்தனையோ மாதமாகக் கண்டும் காணாமல் விட்டிருந்தாள். சவரிநாதன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். இரண்டும் மனைவி மாதிரிதான் இருந்தன. 'ஆம்' என்றார். உடனே இன்னொரு ஜோடி வந்தது. அதற்கும் ஆம். மெஷினுக்கே தோன்றிய பிறகு நாம் என்ன மறுப்பது என்று முந்நூறு தடவை ஆம் சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

இசபெல்லாவுக்குக் கிறிஸ்டி என்று ஒரு தங்கை. இரண்டு வயது இளையவள், அச்சு அசல் அக்காவின் முகம். திருவேட்டக்குடியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஆரோக்கியஜோசப்பைக் கட்டிக்கொண்டவள். நாலு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் யாரோ வந்து, "உங்க ரெண்டு பேருல யாருங்க அக்கா?" என்று கேட்க, இசபெல்லா சிரித்துக்கொண்டே, "அவள்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்று தங்கையைக் கை காட்டிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. கிறிஸ்டி சாமியாரை அழைத்துப் புது வீடு மந்திரித்தபோது இசபெல்லா போகவில்லை, புருஷனை மட்டும் அனுப்பினாள்.

சவரிநாதன் அழுத்திய முந்நூறு ஆம்களில் கிறிஸ்டி என்ற பெயரே பட்டியலிலிருந்து போய்விட்டது. அவளுடைய ஆயிரத்து எண்ணூறு படங்களும் இசபெல்லாவின் பெயருக்குள் கலந்துவிட்டன. அது அவருக்குத் தெரியாது. 'இசபெல்லாவின் சிறந்த அறுபது படங்கள்' என்று கேட்டார். மெஷினே பொறுக்கிக் கொடுத்தது. முதல் பத்தைப் பார்த்துத் திருப்தியானார். ஒவ்வொரு படத்தின் கீழும் 'இருபத்தைந்து ஆண்டுகள், இணைபிரியாமல்' என்று வரும்படி செய்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார்.

மண்டபத்தில் இருநூறு பேர். கிறிஸ்டியும் வந்திருந்தாள். புருஷன் வற்புறுத்திக் கூட்டிவந்ததால் கடைசி வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் ஓட ஆரம்பித்தது. பத்து வரைக்கும் கைதட்டல். பதினொன்றாவதில் கிறிஸ்டி தன் பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் இசபெல்லா புருவத்தைச் சுருக்கினாள். பதினான்காவதில் வேளாங்கண்ணிக் கடற்கரை வந்தது. கிறிஸ்டியின் தோளில் கைபோட்டபடி ஆரோக்கியஜோசப் பல்லைக் காட்டி நின்றார். கீழே 'இருபத்தைந்து ஆண்டுகள், இணைபிரியாமல்'.

சிரிப்பில் மண்டபமே குலுங்கியது. பிரியாணியில் கை வைத்திருந்த ஆரோக்கியஜோசப் அப்படியே எழுந்து நின்றார்.

"சகலை, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று கத்தினார்.

"நிறுத்துங்க! அது நானு!" கடைசி வரிசையிலிருந்து கிறிஸ்டி விறுவிறுவென்று மேடைக்கு வந்தாள். "என்னங்க அத்தான், பொண்டாட்டியையுமா தெரியல உங்களுக்கு?"

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தா நான் என்ன பண்றது?" என்றார் சவரிநாதன் பரிதாபமாக.

"எது, ஒரே மாதிரியா?" அக்காவும் தங்கையும் ஒரே குரலில் கேட்டார்கள். கேட்ட பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிறிஸ்டி நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள். தன் முகம் தன் பெயரில் இருக்க வேண்டும் என்பது அவள் கோரிக்கை. இசபெல்லா ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தாள். வெளி டிஸ்கில் எடுத்து வைத்திருந்த நகலில் படங்கள் பத்திரமாக இருந்தன, பெயர்கள்தான் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"இது நீ."

"இது நீ."

"இது நீதான். மூக்குத்தி பாரு."

"மூக்குத்தி உன்னோடது. நான் கடன் வாங்கிப் போட்டிருந்தேன்."

உதவ வந்த சவரிநாதன் ஒரு படத்தைக் காட்டி, "இதுல நீ ரொம்ப அழகா இருக்கம்மா" என்று மனைவியிடம் சொன்னார். அது கிறிஸ்டி. அவரை அனுப்பி மீன் வாங்கி வரச் சொன்னார்கள்.

பகல் பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு படத்தில் கிறிஸ்டியின் கை நின்றது. அவளுடைய புது வீட்டு வாசலில் அவள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த படத்தில் பால் காய்ச்சுகிறாள். அதற்கடுத்ததில் மொட்டை மாடியில் புருஷனோடு நிற்கிறாள். இருபத்தேழு படங்கள், தேதி வாரியாக.

"நீதான் வரவேயில்லையே. இதெல்லாம் உன்கிட்ட எப்படி?"

இசபெல்லா திரையையே பார்த்தபடி சொன்னாள். "சொந்தக்காரங்க குரூப்புல போட்டியே. எறக்கி வச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"மங்கலா இருந்த ரெண்டை அழிச்சிட்டேன்."

கிறிஸ்டி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எந்த ரெண்டு?" என்று கேட்டாள்.

மூன்று ஞாயிறுகளில் வேலை முடிந்தது. பதினோரு படங்கள் மட்டும் மிஞ்சின. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே துணியில் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து அழும் ஒரு சின்னப் பெண்ணின் படங்கள். அழுமூஞ்சி தானில்லை என்று இருவருமே சாதித்தார்கள். ஆரோக்கியஜோசப் எட்டிப் பார்த்து, "இது ரெண்டு பேருந்தான்" என்று தீர்ப்பு சொன்னார். இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வேலை முடிந்த அன்று இசபெல்லா எல்லாவற்றையும் இன்னொரு புது டிஸ்கில் நகலெடுத்தாள். ஒரு நகல் வேறு வீட்டில் இருந்தால்தான் பத்திரம், இங்கே திருடு போனாலும் தண்ணீர் புகுந்தாலும் படங்கள் தப்பிக்கும் என்று விளக்கினாள். வேறு வீடு என்றால் எது என்று யாரும் கேட்கவில்லை. கிறிஸ்டி டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள்.

மறுநாள் பள்ளி இடைவேளையில் இசபெல்லா போன் செய்தாள்.

"டிஸ்க்கை எங்க வச்சிருக்க? உங்க ஊரு உப்புக் காத்து அதுக்கு ஆவாது."

"பீரோவுல, பட்டுப்புடவைக்கு நடுவுல வச்சிருக்கேன்."

"எந்தப் புடவை? அந்த மாம்பழக் கலரா? அது என்னோடதுடி!"

"இல்ல, எனக்கு எடுத்தது. போட்டோவுல பாரு."

"பாத்தேன். அதுல கட்டியிருக்கிறது நானு."

மணி அடித்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போன பிறகும், டீச்சர் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.